விமர்சகர்கள் கொன்ற படமா? 'பீப்பிங் டாம்' வாங்கிய திட்டும் இழந்த வசூலும்

பழைய படம் ஒன்றைப் பற்றி எங்கே படித்தாலும், கதைச் சுருக்கமும் நடிகர் பட்டியலும் முடிந்த பிறகு 'வரவேற்பு' என்று ஒரு பகுதி வரும். விமர்சகர்கள் திட்டித் தீர்த்தார்கள், படம் ஓடவில்லை, பல வருடம் கழித்துக் கொண்டாடினார்கள். மூன்று வரியில் விஷயம் முடிந்துவிடும். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் நடுவில் சொல்லாமலே ஒரு 'அதனால்' நுழைந்துவிடுகிறது. திட்டினார்கள், அதனால் ஓடவில்லை. இந்த 'அதனால்' எவ்வளவு தூரம் சரி என்று பார்க்க, 1960-இல் லண்டனில் வெளியான 'பீப்பிங் டாம்' என்ற க்ரைம் த்ரில்லரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு தனிக் கணக்குகள்

முதலில் அடிப்படை. படத்தின் வரவேற்பு என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் இரண்டு கணக்குகள் உண்டு. விமர்சகர்கள் எழுதியது ஒன்று, படம் சம்பாதித்தது இன்னொன்று. விமர்சனம் என்பது பெரும்பாலும் படம் வெளியாகும் வாரத்திலேயே முடிந்துபோகும் வேலை. பத்திரிகையாளர் காட்சியில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வசூல் அப்படியில்லை. அது வாரம் வாரமாக, ஊர் ஊராகச் சேரும். தலைநகரில் ஒரு மாதிரியும் சின்ன ஊர்களில் வேறு மாதிரியும் இருக்கும்.

வசூலிலும் பல அடுக்குகள் உண்டு. டிக்கெட் விற்ற மொத்தப் பணம் கிராஸ். வரியும் தியேட்டர்காரர் பங்கும் போக விநியோகஸ்தர் கைக்கு வருவது ஷேர். அதில் அவர் தன் கமிஷனையும், பிரிண்ட் போட்ட செலவையும், விளம்பரச் செலவையும் கழித்துக்கொண்ட பிறகுதான் தயாரிப்பாளருக்கு ஏதாவது மிஞ்சும். ஆகவே அரங்கு நிறைந்த படம்கூட எடுத்தவருக்கு நஷ்டமாக முடியலாம். 1950-களின் பிரிட்டனில் இதற்கு மேல் ஒரு சங்கதி இருந்தது. ஈடி லெவி என்ற பெயரில் ஒவ்வொரு டிக்கெட்டிலிருந்தும் சிறு தொகை எடுத்து, பிரிட்டிஷ் படங்களுக்கு அவை சம்பாதித்த அளவுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுத்தார்கள். ஓடின படத்துக்கு மேலும் பணம், ஓடாத படத்துக்கு அதுவும் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து பிரிட்டனில் இன்று போல வாராவாரம் வசூல் எண்களை யாரும் வெளியிடவில்லை. 'கினிமட்டோகிராஃப் வீக்லி' போன்ற தொழில் பத்திரிகைகள் வருடக் கடைசியில் நன்றாக ஓடிய படங்களின் பட்டியலைப் போடும். பெயர் இருக்கும், தொகை இருக்காது. பழைய பிரிட்டிஷ் படம் ஒன்று 'பெரிய வெற்றி' என்று படித்தால், பெரும்பாலும் அதன் பின்னால் இருப்பது இப்படிப்பட்ட ஒரு பட்டியல்தான்.

இந்த இரண்டு கணக்கும் சில சமயம் அழகாகப் பொருந்திப் போகும். கரோல் ரீட் இயக்கிய 'தி தேர்ட் மேன்' 1949-இல் கான் திரைப்பட விழாவின் பெரிய பரிசை வாங்கியது, அதே வருடம் பிரிட்டனில் மிக நன்றாக ஓடிய படமாகவும் ஆனது. அப்படிப்பட்ட படத்திலிருந்து கற்றுக்கொள்ள அதிகம் இல்லை. கணக்கு இடிக்கும் இடத்தில்தான் விஷயம் இருக்கிறது.

1960, ஏப்ரல்

'பீப்பிங் டாம்' படத்தை எடுத்தவர் மைக்கேல் பவல். எழுதியவர் லியோ மார்க்ஸ். இந்த மார்க்ஸ் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசியப் படைக்குச் சங்கேதக் குறியீடுகளை அமைத்துக் கொடுத்தவர். கதை இது: மார்க் லூயிஸ் ஒரு சினிமா ஸ்டூடியோவில் கேமராவுக்கு ஃபோகஸ் பிடிக்கும் உதவியாளன். கூச்ச சுபாவம், மெல்லிய பேச்சு. கேமரா டிரைபாடின் ஒரு காலில் கூர்மையான கத்தியை மறைத்து வைத்து, அதைக் கொண்டே பெண்களைக் கொல்கிறான்; சாகும் நொடியில் அவர்கள் முகத்தில் வரும் பயத்தைப் படம் பிடிக்கிறான். சிறு வயதில் அவனுடைய அப்பா, பயம் என்றால் என்ன என்று ஆராய்கிறேன் பேர்வழி என்று, மகனையே பயமுறுத்திப் பயமுறுத்திப் படம் எடுத்தவர். அந்த அப்பாவாகப் பவலே நடித்தார். சிறுவனாக நடித்தது அவருடைய சொந்த மகன் கொலம்பா. இதை முதல்முறை கேட்பவர்களுக்கு ஒரு கணம் தூக்கிவாரிப் போடும், எனக்கும் போட்டது.

கதாநாயகன் கார்ல் போம், 1950-களின் 'சிஸ்ஸி' படங்களில் ஆஸ்திரியப் பேரரசராக நடித்து ஜெர்மன் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். கொலையாகும் பெண்களில் ஒருவராக வருவது மொய்ரா ஷியரர். பவலின் 'தி ரெட் ஷூஸ்' படத்தில் ஆடிப் புகழ்பெற்ற அதே நடனக் கலைஞர்.

படத்துக்குத் தணிக்கை வாரியம் 'எக்ஸ்' சான்றிதழ் கொடுத்தது. அதாவது அன்றைய விதிப்படி 16 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. 1960 ஏப்ரல் 7 அன்று லண்டன் பிளாசா அரங்கில் முதல் காட்சி. காட்சி முடிந்ததும் வந்தவர்களோடு கைகுலுக்கப் பவலும் போமும் வாசலில் நின்றிருக்கிறார்கள். ஒருவரும் முகம் கொடுக்காமல் போய்விட்டார்கள் என்று போம் பிற்காலப் பேட்டிகளில் நினைவுகூர்ந்தார்.

அப்புறம் விமர்சனங்கள் வந்தன. 'ட்ரிப்யூன்' இதழில் டெரெக் ஹில், இந்தப் படத்தை மண்வெட்டியால் அள்ளி அருகில் உள்ள சாக்கடையில் கொட்டி நீர் ஊற்ற வேண்டும், அப்படியும் நாற்றம் போகாது என்று எழுதினார். 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் லென் மோஸ்லி, கிழக்குப் பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்புகளோ, பம்பாயின் சந்துகளோ, கல்கத்தாவின் சாக்கடைகளோ கூடத் தனக்கு இவ்வளவு குமட்டலைத் தந்ததில்லை என்றார். (இந்த வரியைப் படிக்கும் நம் ஆட்களுக்குப் படத்தைவிட விமர்சகர் மேல்தான் கோபம் வரும்.) 'அப்சர்வர்' விமர்சகர் சி. ஏ. லெஜூன் தனக்கு இவ்வளவு அருவருப்பு ஊட்டிய படத்தைப் பார்த்து ரொம்ப காலம் ஆகிறது என்று எழுதினார். 'சண்டே டைம்ஸ்' விமர்சகர் டிலிஸ் பவலும் கடுமையாகத் தாக்கினார். இவருக்கும் இயக்குநர் பவலுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனால் இந்த அம்மையாரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்னும் இரண்டு தடவை வரப்போகிறார்.

ஏன் அவ்வளவு கோபம்?

படத்தில் ரத்தம் அதிகம் என்பதால் அல்ல. இன்று பார்த்தால் ரத்தமே காட்டவில்லை என்றுகூடச் சொல்லலாம். இதே படத்தை வெளியிட்ட ஆங்லோ-அமல்கமேட்டட் நிறுவனம் முந்தின வருடம் 'ஹாரர்ஸ் ஆஃப் தி பிளாக் மியூசியம்' என்ற படத்தை வெளியிட்டிருந்தது. அதில் பைனாகுலரைக் கண்ணில் வைத்ததும் உள்ளிருந்து ஆணி பாய்ந்து ஒரு பெண் சாவதுதான் ஆரம்பக் காட்சி. அதற்காக யாரும் தேசிய அவமானம் என்று கூக்குரல் எழுப்பவில்லை. மலிவான படம் மலிவாக இருந்தால் விமர்சகருக்குக் கோபம் வராது, கொட்டாவிதான் வரும்.

பவல் விஷயம் வேறு. எமரிக் பிரஸ்பர்கரோடு சேர்ந்து அவர் எடுத்த படம்தான் 1946-இல் அரச குடும்பத்தினர் முன் நடந்த முதல் ராயல் ஃபிலிம் பெர்ஃபாமன்ஸ் காட்சிக்குத் தேர்வானது. அப்படிப்பட்டவர் சோஹோவின் ஆபாசப் புத்தகக் கடைகளுக்கு நடுவே கேமராவைத் தூக்கிக்கொண்டு போனதை விமர்சகர்கள் ஒரு துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். நல்ல வீட்டுப் பிள்ளை கெட்டுப்போனான் என்கிற தொனி அந்த விமர்சனங்கள் முழுக்க ஓடுகிறது.

அது தவிர, அன்றைய பிரிட்டிஷ் விமர்சகர்களுக்கு யதார்த்தம் என்றால் உயிர். அடக்கமான கறுப்பு வெள்ளை, உழைக்கும் மனிதர்கள், நிஜமான தெருக்கள். அதே 1960-இன் பிற்பகுதியில் அவர்கள் கொண்டாடிய 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்', நாட்டிங்ஹாம் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவனின் கதை. பவலின் படமோ கண்ணைப் பறிக்கும் நிறங்களில், வேண்டுமென்றே செயற்கையாக, பாதி கெட்ட கனவு போல இருந்தது.

இதெல்லாம் இருந்தாலும் முக்கியக் காரணம் இன்னொன்று என்பது என் எண்ணம். படத்தின் முதல் கொலையை நாம் கொலைகாரனின் கேமரா வழியாகவே பார்க்கிறோம். பிறகு அவன் தன் அறையில் உட்கார்ந்து அதே காட்சியைத் திரையில் ஓட்டிப் பார்க்கும்போது, நாமும் அவன் பின்னால் இருந்து இரண்டாம் தடவை பார்க்கிறோம். இருட்டில் உட்கார்ந்து அடுத்தவர் துன்பத்தை ஆர்வமாகப் பார்ப்பது யார் என்று படம் கேட்காமல் கேட்கிறது. வாராவாரம் சம்பளம் வாங்கிக்கொண்டு அதையே செய்யும் விமர்சகருக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகச் சுட்டிருக்கும்.

சரி, திட்டியதற்குக் காரணம் புரிகிறது. ஆனால் திட்டு வாங்கிய படம் ஓடக் கூடாது என்று விதி எதுவும் இல்லையே.

அதே திட்டு, நிறைந்த அரங்கு

பன்னிரண்டு வருடம் பின்னால் போவோம். 1948-இல் 'நோ ஆர்க்கிட்ஸ் ஃபார் மிஸ் பிளாண்டிஷ்' என்ற படம் வந்தது. ஜேம்ஸ் ஹாட்லி சேஸ் 1939-இல் எழுதிய நாவல்தான் மூலம். பணக்காரப் பெண்ணைக் கடத்தும் கும்பல், அந்தக் கும்பலின் தலைவன் மேலேயே அவளுக்கு வரும் காதல். கதை நடப்பது அமெரிக்காவில். எடுத்ததோ இங்கிலாந்து ஸ்டூடியோவில், பெரும்பாலும் பிரிட்டிஷ் நடிகர்களை வைத்து. அவர்கள் மூக்கால் பேசி அமெரிக்க உச்சரிப்பை வரவழைக்கப் படும் பாட்டைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது.

இதற்குக் கிடைத்த விமர்சனம் 'பீப்பிங் டாம்' வாங்கியதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் 'மந்த்லி ஃபிலிம் புல்லட்டின்', மிருகத்தனமும் வக்கிரமும் காமமும் இதுவரை எந்தத் திரையிலும் இவ்வளவு குமட்டும்படி காட்டப்பட்டதில்லை என்று எழுதியது. டிலிஸ் பவல், இதற்கென்றே 'அருவருப்பு' என்ற பொருளில் 'டி' சான்றிதழ் ஒன்றை உருவாக்கலாம் என்று கிண்டல் அடித்தார். விவகாரம் அரசு வரைக்கும் போனது. சில உள்ளூர் நிர்வாகங்கள் தங்கள் பகுதியில் படத்துக்குத் தடை போட்டன.

மக்கள்? கூட்டம் கூட்டமாகப் போனார்கள். படம் நல்ல வசூல் பார்த்தது. திட்டே விளம்பரமாகிவிட்டது என்று சொன்னாலும் தப்பில்லை.

ஆக, ஏறக்குறைய ஒரே வகைத் திட்டு, சில இடங்களில் அதே ஆட்கள், ஒரே நகரத்துப் பத்திரிகைகள். ஒரு படம் ஓடியது, இன்னொன்று விழுந்தது. நாம் தேடும் 'அதனால்' இங்கேயே ஆட்டம் காண்கிறது. இந்தப் பன்னிரண்டு வருடத்தில் என்ன மாறியது?

முதலில் மாறியது கூட்டம். 1946-இல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் சுமார் 163 கோடி. 1948-இலும் 150 கோடிக்குக் குறையவில்லை. நாட்டின் மக்கள்தொகை ஐந்து கோடி. சராசரியாக ஆளுக்கு வருடம் முப்பது தடவை சினிமா! என்ன படம் என்று பார்த்துப் போகிற பழக்கமே பலருக்கு இல்லை. வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ வந்தால் சினிமா, அவ்வளவுதான். 1955-இல் வணிகத் தொலைக்காட்சி வந்தது. 1960-இல் விற்ற டிக்கெட் ஏறக்குறைய 50 கோடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. தானாக வரும் கூட்டம் போய்விட்டது. இனி ஒவ்வொரு படத்தையும் யாராவது கூவி விற்றாக வேண்டும்.

நடுவில் இருப்பவர்

அந்த யாராவதுதான் விநியோகஸ்தர். அன்றைய பிரிட்டனில் தியேட்டர்கள் பெரும்பாலும் இரண்டு பெரிய குழுமங்களின் பிடியில் இருந்தன: ஒருபக்கம் ராங்க், இன்னொருபக்கம் ஏபிசி. இந்தச் சுற்றுகளில் இடம் கிடைத்தால் படம் நாடு முழுக்கப் போகும். கிடைக்காவிட்டால் லண்டனில் ஓரிரு அரங்குகளோடு கதை முடிந்தது. ராங்க் குழுமம் எக்ஸ் சான்றிதழ் படங்களை எடுக்கவே தயங்கும். ஆகவே எக்ஸ் படத்தை வைத்திருப்பவர் பேசிப் பேசித்தான் இடம் வாங்க வேண்டும்.

'பீப்பிங் டாம்' ஆங்லோ-அமல்கமேட்டட் கையில் இருந்தது. நாட் கோஹனும் ஸ்டுவர்ட் லெவியும் நடத்திய நிறுவனம். அவர்களுக்கு அப்போது சோறு போட்டுக்கொண்டிருந்தது 'கேரி ஆன்' நகைச்சுவை வரிசை. அதில் இரண்டாவதான 'கேரி ஆன் நர்ஸ்' 1959-இல் பிரிட்டனின் நம்பர் ஒன் படம். குடும்பத்தோடு பார்க்கிற படங்களில் இப்படிப் பணம் வந்துகொண்டிருக்கும்போது, நாட்டின் பெரிய பத்திரிகைகள் எல்லாம் சாக்கடை என்று எழுதும் ஒரு படத்துக்காகப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவர்கள் தயாராக இல்லை. நின்று போராடுவதற்குப் பதிலாக, படத்தைக் கைகழுவினார்கள். உரிமையையும் விற்றுத் தலை முழுகினார்கள். அமெரிக்காவில் 1962-இல் ஒரு சின்ன நிறுவனம் வெட்டிச் சுருக்கி வெளியிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

படம் தடை செய்யப்பட்டது என்று சில இடங்களில் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. அரசோ தணிக்கை வாரியமோ படத்தைத் தடுக்கவில்லை. மக்கள் நிராகரித்தார்கள் என்பதும் முழுக்கச் சரியில்லை. நிராகரிக்கும் அளவுக்குப் பெரும்பாலான ஊர் மக்கள் முன்னால் அது போகவே இல்லை. வசூல் குறைவு என்ற வரி உண்மைதான்; ஆனால் அது பார்வையாளரின் தீர்ப்பைக் காட்டுவதைவிட, கடையை யார் எப்போது மூடினார் என்பதைத்தான் அதிகம் காட்டுகிறது.

அதே வருடம் ஆகஸ்டில் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' லண்டனுக்கு வந்தது. கூச்ச சுபாவமுள்ள இளைஞன், பெற்றோர் விட்டுச்சென்ற ரணம், கொலையாகும் பெண்கள், ஒளிந்து பார்க்கும் கண். பவல் படத்தோடு பக்கத்தில் வைத்தால் ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். லெஜூன் இந்தப் படத்தை முழுதாகப் பார்க்காமலே எழுந்து போய்விட்டார். அந்த வருடக் கடைசியில், 1928 முதல் எழுதிவந்த விமர்சனப் பகுதியையே விட்டுவிட்டார். இருந்தும் 'சைக்கோ' வசூலை வாரிக் குவித்தது.

இங்கே ஹிட்ச்காக்கின் தந்திரத்தைக் கவனிக்க வேண்டும். அவர் படத்தைத் தன் சொந்த நிறுவனத்தின் பணத்தில், தொலைக்காட்சித் தொடருக்கு வேலை செய்த குழுவை வைத்துச் சிக்கனமாக எடுத்தார். செலவு சுமார் 8 லட்சம் டாலர். சம்பளத்தை விட்டுக்கொடுத்து, பெரும் பங்கைத் தன் பெயரில் வாங்கிக்கொண்டார். ஆகவே படத்தைக் கைகழுவும் எண்ணம் யாருக்கும் வர வழியில்லை. விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் காட்சி போடவில்லை. அவர்களும் பொதுமக்களோடு வரிசையில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று அரங்குகளுக்கு நிபந்தனை வேறு. விமர்சனம் அச்சாகி வருவதற்குள் வாசலில் கூட்டம் நின்றுவிட்டது. 'பீப்பிங் டாம்' படத்துக்கு இதில் ஒன்றுகூட வாய்க்கவில்லை.

சுவையான இன்னொரு விஷயம்: நியூயார்க் டைம்ஸின் பாஸ்லி கிரௌதர் 'சைக்கோ' வந்தபோது அரைமனதாகத்தான் எழுதினார். அதே வருடக் கடைசியில் ஆண்டின் சிறந்த பத்துப் படங்கள் பட்டியலில் அதையும் சேர்த்துவிட்டார். மனம் மாறுவதற்கு வசூலைப் போல ஒரு மருந்து இல்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. இது கொஞ்சம் குசும்புதான், ஆனால் காலக் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

விநியோகம் சொதப்பியதற்கு இன்னொரு உதாரணம் வேண்டுமென்றால் 1971-இல் வந்த 'கெட் கார்ட்டர்'. மைக் ஹாட்ஜஸ் இயக்கம், மைக்கேல் கெய்ன் நடிப்பு, நியூகாசில் நகரத்து மழையும் புகையும். பிரிட்டனில் சுமாராக நன்றாகவே போனது. அமெரிக்காவில் எம்ஜிஎம் நிறுவனம் அதை ஃபிராங்க் சினாட்ராவின் ஒரு நகைச்சுவை வெஸ்டர்னோடு சேர்த்து, டிரைவ்-இன் அரங்குகளில் இரட்டைக் காட்சியின் இரண்டாம் படமாகத் தள்ளிவிட்டது. அதன் பெயர் மறுபடி எழ 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தது எப்படி

'காலம் படத்தைக் காப்பாற்றியது' என்று எழுதுவது சுலபம். காலம் தானாக எதையும் செய்யாது. பெட்டியில் கிடக்கும் ஃபிலிமைக் காலம் மங்கத்தான் வைக்கும். 'பீப்பிங் டாம்' திரும்பி வந்ததற்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள். பிரான்சில் சில சினிமா இதழ்க்காரர்கள் 1960-களிலேயே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். 1978-இல் லண்டனில் பவல், பிரஸ்பர்கர் படங்களின் தொகுப்புத் திரையிடல் நடந்தது. அதையொட்டி இயன் கிறிஸ்டி கொண்டுவந்த புத்தகம் பழைய விமர்சனங்களையும் மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1979-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி தன் செல்வாக்கையும் பணத்தையும் போட்டு நியூயார்க் திரைப்பட விழாவில் படத்தைத் திரையிட வைத்தார். அதைத் தொடர்ந்து அமெரிக்க அரங்குகளுக்கும் போனது. அதாவது, 1960-இல் விநியோகஸ்தர் செய்ய மறுத்த வேலையைப் பத்தொன்பது வருடம் கழித்து ஒரு ரசிகர் செய்தார்.

இப்போது டிலிஸ் பவல். 1994-இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு, அதே 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையில் இந்தப் படம் ஒரு தலைசிறந்த படைப்பு என்று இப்போது நம்புகிறேன் என்று எழுதினார். மறுமையில் பேச அனுமதி உண்டென்றால் மைக்கேல் பவலைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்பேன் என்றும் சொன்னார். பவல் 1990-இலேயே காலமாகியிருந்தார்.

'நோ ஆர்க்கிட்ஸ்' படத்துக்காக அவர் மன்னிப்புக் கேட்டதாக நான் படித்ததில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தோன்றவில்லை; அது நிஜமாகவே சுமாரான படம். 1999-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் திரைத்துறையினரிடம் வாக்கெடுத்து நூறு சிறந்த பிரிட்டிஷ் படங்களைப் பட்டியலிட்டபோது 'தி தேர்ட் மேன்' முதலிடம், 'கெட் கார்ட்டர்' 16, 'பீப்பிங் டாம்' 78. பணம் சம்பாதித்த 'நோ ஆர்க்கிட்ஸ்' அந்தப் பட்டியலில் இல்லை.

இந்தக் கதையின் கூடவே வரும் ஒரு பழங்கதையையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். 'பீப்பிங் டாம்' பவலின் வாழ்க்கையையே முடித்துவிட்டது என்பார்கள். பாதி உண்மை. பிரஸ்பர்கரோடு இருந்த கூட்டு 1957-லேயே முடிந்துவிட்டது. அதற்குப் பின் அவர் தனியாக எடுத்த 'ஹனிமூன்' எடுபடவில்லை. 1961-இல் வந்த 'தி குவீன்ஸ் கார்ட்ஸ்' படமும் தோல்வி. பிறகு ஆஸ்திரேலியா போய் 1966-இல் எடுத்த 'தே ஆர் எ வியர்ட் மாப்' அங்கே சக்கைப்போடு போட்டது. பிரிட்டனில் அவரை நம்பிப் பெரிய பணம் போட ஆள் இல்லாமல் போனது நிஜம். அதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு, மொத்தப் பங்கும் அல்ல. ஒரே வாரத்தில் விமர்சகர்கள் ஒரு மேதையைக் கொன்றார்கள் என்ற கதை சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. அதனால்தான் நாலைந்து விமர்சன வரிகள் மட்டும் எல்லாப் புத்தகத்திலும் திரும்பத் திரும்ப வருகின்றன. நானும் அவற்றைத்தான் மேலே எழுதினேன்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு யோசனை. எந்தப் பழைய படத்தின் வரவேற்பைப் பற்றிப் படித்தாலும், 'தோல்வி' என்ற சொல் வந்தால் அங்கே கொஞ்சம் நில்லுங்கள். எத்தனை அரங்குகளில் வந்தது, எவ்வளவு நாள் இருக்க விட்டார்கள், அந்த வருடம் மக்கள் சினிமாவுக்கே எவ்வளவு போனார்கள், உரிமை யார் கையில் இருந்தது என்று பாருங்கள். 'விமர்சகர்கள் கொண்டாடினார்கள்' என்றால் எந்த வருடத்து விமர்சகர்கள் என்று பாருங்கள். படம் வந்த வாரத்தில் எழுதியதும், முப்பது வருடம் கழித்து எழுதியதும் ஒரே பத்தியில் கலந்து கிடக்கும்.

படத்தைப் பார்க்க விரும்பினால், ஓடும் நேரம் 101 நிமிடம். 2023-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டின் ஆவணக் காப்பகமும் ஸ்கோர்செஸியின் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து மூலத்திலிருந்து சீரமைத்த 4கே பிரதி வந்திருக்கிறது. அதையே தேடிப் பாருங்கள். மங்கிய பழைய பிரதிகளில் அந்தச் சிவப்பும் பச்சையும் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் யதார்த்தப் பிரியர்கள் எதைக் கண்டு அவ்வளவு மிரண்டார்கள் என்பதே புரியாது. 'சைக்கோ' ஏற்கெனவே பார்த்தவர்கள் இதை அடுத்த நாளே பார்ப்பது நல்லது. இதுவரை இரண்டையும் பார்க்காதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். 1960-இல் லண்டன்காரர்களுக்கும் இதுதான் முதலில் வந்தது.